ஒவ்வொரு பீக்குக்கும் ஒரு சொந்தக்காரர்: போதைப்பொருள் ஐஆர் நிறமாலையில் பிழை தேடும் வழி

ஏடிஆர் கருவியில் மாதிரியை ஒரு படிகத்தின் மேல் வைத்து அழுத்தி அளக்கிறோம். அந்தப் படிகத்தின் மேல் ஒரு சிட்டிகை தூளை வைத்து அழுத்தினால் அரை நிமிடத்தில் அகச்சிவப்பு (ஐஆர்) நிறமாலை திரையில் வந்துவிடும். இன்னொரு பொத்தானைத் தட்டினால் லைப்ரரி (தெரிந்த பொருள்களின் நிறமாலைத் தொகுப்பு) ஒரு பெயரைச் சொல்லும், பக்கத்தில் ஒரு மதிப்பெண்ணும் போடும். புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் பீக்குகளை, அதாவது வளைவின் முகடுகளை, பாருங்கள். நிறமாலையில் தெரியும் ஒவ்வொரு பீக்கும் எங்கிருந்தோ வந்திருக்கிறது. மருந்திலிருந்து வந்திருக்கலாம், கலப்படத்திலிருந்து, காற்றிலிருந்து, துடைத்த கரைப்பானிலிருந்து, ஏன், படிகத்திலிருந்தே கூட வந்திருக்கலாம். சொந்தக்காரர் தெரியாத ஒரு பீக் மிச்சம் இருக்கும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

கீழே இருப்பவை நாம் அடிக்கடி எதிர்கொள்ளும் அறிகுறிகள். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். எண்கள் எல்லாம் அலை எண்கள், அதாவது செ.மீ⁻¹. ஒவ்வொரு முறையும் அலகைத் திரும்ப எழுதவில்லை. பீக் இடங்களை ஒன்றிரண்டு எண் முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வார்த்தை எப்போதும் உங்கள் கருவியில் நீங்களே எடுத்த தரப் பொருளின் (இன்னதென்று உறுதியாகத் தெரிந்த தூய பொருளின்) நிறமாலைதான்.

பீக்கே இல்லை, அல்லது எல்லாம் மிகச் சிறியதாக இருக்கிறது

பத்தில் எட்டு தடவை காரணம் தொடர்பின்மை. ஏடிஆரில் ஒளி மாதிரிக்குள் ஓரிரு மைக்ரோமீட்டர் மட்டுமே நுழைகிறது. தூளுக்கும் படிகத்துக்கும் நடுவில் காற்று இருந்தால் அது காற்றைத்தான் அளக்கும். மெத்தம்பெட்டமின் போன்ற கெட்டியான கண்ணாடித் துண்டுகளை அப்படியே வைத்து அழுத்தாதீர்கள். சிறிய உரலில் பொடித்து வையுங்கள். அழுத்தும் முனை மாதிரியின் நடுவில் இறங்குகிறதா என்றும் பாருங்கள். அழுத்தத்தைக் கூட்டக் கூட்டப் பீக் வளர்ந்து ஒரு கட்டத்தில் நின்றுவிட்டால் அதுதான் சரியான இடம்.

பொடித்தும் அப்படியே இருந்தால் மாதிரி இல்லாமல் சிக்னலின் அளவைப் பாருங்கள். அது வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் ஒளிமூலம், கண்ணாடிகளின் நேரமைவு, டிடெக்டர் என்று வரிசையாகச் சந்தேகிக்க வேண்டும். எம்சிடி டிடெக்டர் (குளிரூட்டினால்தான் இயங்கும் வகை) என்றால் திரவ நைட்ரஜன் ஊற்றியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பீக்குகள் மேலே எழாமல் கீழே இறங்குகின்றன

உறிஞ்சல் நிறமாலையில் கீழ்நோக்கி இறங்கும் பீக்குக்கு ஒரே அர்த்தம்தான்: அந்தப் பொருள் பேக்ரவுண்ட் (மாதிரி வைக்கும் முன் வெறும் படிகத்தில் எடுக்கும் அளவீடு) எடுத்தபோது இருந்தது, மாதிரி எடுத்தபோது இல்லை, அல்லது குறைந்துவிட்டது. முந்தைய மாதிரி சரியாகத் துடைக்கப்படவில்லை, அல்லது துடைத்த கரைப்பான் காயும் முன்பே பேக்ரவுண்ட் எடுத்திருக்கிறீர்கள். துடையுங்கள், காயவிடுங்கள், புதிய பேக்ரவுண்ட் எடுங்கள். பிறகு வெறும் படிகத்தையே மாதிரியாக வைத்து ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். நேர்க்கோடு வர வேண்டும். அந்த வெற்று ஓட்டத்தைக் கோப்பில் சேர்த்து வைப்பதும் நல்ல பழக்கம். பின்னாளில் "முந்தைய வழக்கின் மிச்சம் ஒட்டியிருந்திருக்கலாமே" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் கையில் பதில் இருக்கும்.

இதன் மறுபக்கம்தான் இன்னும் ஆபத்தானது. கரைப்பான் பேக்ரவுண்டில் இல்லாமல் மாதிரியில் மிச்சமிருந்தால் பீக் மேல்நோக்கி வரும், பார்க்க மருந்தின் பீக் போலவே இருக்கும். அசிட்டோனின் கார்பனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) பீக் 1715 அருகில். கெட்டமின் ஹைட்ரோகுளோரைடின் கார்பனைல் 1720 அருகில். கொக்கைன் ஹைட்ரோகுளோரைடின் இரண்டு கார்பனைல்களில் ஒன்று 1710 அருகில். மூன்றும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெறும் மாவுச்சத்துத் தூள் ஒன்றில் 1715இல் சின்னப் பீக் ஒன்றைப் பார்த்துவிட்டு அரை நாள் கெட்டமினைத் தேடினேன். ஐந்து நிமிடம் காயவிட்டு மறுபடி எடுத்தபோது அந்தப் பீக் காணாமல் போயிருந்தது. அசிட்டோன் என்றால் 1360, 1220 அருகிலும் துணைப் பீக்குகள் இருக்கும். அவை மூன்றும் சேர்ந்து குறைந்து சேர்ந்து மறையும். மருந்தின் பீக் காயவிட்டால் மறையாது.

2350 அருகில் இரட்டைப் பீக், 1900 முதல் 1300 வரை முள் முள்ளாக

2350 இரட்டை, அறையின் கார்பன் டை ஆக்சைடு. 667இலும் அதற்கு ஒரு கூரான பீக் உண்டு. நீங்கள் குனிந்து கருவிக்கு அருகில் மூச்சுவிட்டாலே கூடும். முள் முள்ளாக வருவது நீராவி. 3900 முதல் 3500 வரையிலும் அதே முட்கள் தெரியும். பேக்ரவுண்டுக்கும் மாதிரிக்கும் இடையில் நேரம் கடந்துவிட்டால் இவை வரும். கருவிக்குள் இருக்கும் உலர்த்தியின் நிறத்தைப் பாருங்கள், உலர்ந்த காற்று அல்லது நைட்ரஜன் ஓட்டம் இருந்தால் அதைச் சரிபாருங்கள், பேக்ரவுண்டைப் புதிதாக எடுங்கள். மென்பொருளில் நீராவியைக் கழிக்கும் வசதி இருக்கிறது என்பதற்காக அதை முதலில் தட்டாதீர்கள். 1900–1300 என்பது கார்பனைல்களும் வளையங்களும் வாழும் பகுதி, அங்கே மென்பொருள் கை வைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2300 முதல் 1900 வரை இரைச்சல் மட்டும் கூடுதலாக இருந்தால் அது வைரப் படிகம். வைரமே அந்தப் பகுதியில் ஒளியை உறிஞ்சுகிறது. வழக்கமான போதைப்பொருள்களுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. ஆனால் செயற்கைக் கஞ்சா வேதிப்பொருள்கள் சிலவற்றில் நைட்ரைல் குழு உண்டு, அதன் பலவீனமான பீக் 2240 பக்கம் வரும். அந்தச் சந்தேகம் இருந்தால் ஜெர்மானியம் படிகத்திலோ பொட்டாசியம் புரோமைடு வில்லையிலோ (மாதிரியை அந்த உப்போடு அரைத்து அழுத்திய மெல்லிய வட்டு) ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

3400 பக்கம் பெரிய மேடு, 1640இலும் ஒரு வீக்கம்

தண்ணீர். வில்லை முறை என்றால் பொட்டாசியம் புரோமைடு ஈரம் இழுத்திருக்கிறது. உலர்த்தி, டெசிக்கேட்டரில் வைத்துப் பயன்படுத்துங்கள். ஏடிஆர் என்றால் மாதிரியே ஈரமாக இருக்கிறது. மழைக்காலத்தில் கைப்பற்றி, நெகிழிப் பையில் மாதக்கணக்கில் இருந்த தூளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? சிறு பகுதியை மட்டும் உலர்த்தி மறுபடி எடுங்கள். உலர்த்தும் முன் எடுத்த நிறமாலையையும் அழிக்காமல் வைத்திருங்கள். மேடு போகாமல் 1100–1000 பகுதியில் தடித்த பீக்குகளும் கூடவே இருந்தால் அது தண்ணீர் அல்ல, சர்க்கரையோ மாவுச்சத்தோ. அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

பொருள் அதேதான் போலிருக்கிறது, ஆனால் உயரங்கள் பொருந்தவில்லை, எண்களும் கொஞ்சம் தள்ளி இருக்கின்றன

உங்கள் நிறமாலை ஏடிஆரில் எடுத்தது, ஒப்பிடும் லைப்ரரி வில்லை முறையில் எடுத்தது. இதுதான் முதல் சந்தேகம். ஏடிஆரில் ஒளி நுழையும் ஆழம் அலைநீளத்தைப் பொறுத்தது. 45 டிகிரி வைரப் படிகத்தில், வழக்கமான கரிமப் பொருளுக்கு, 1000இல் சுமார் 2 மைக்ரோமீட்டர், 3000இல் சுமார் 0.7 மைக்ரோமீட்டர். அதனால் 3000 பக்கத்துப் பீக்குகள் குட்டையாகவும் 1000 பக்கத்துப் பீக்குகள் நெட்டையாகவும் தெரியும். வலுவான பீக்குகள் சில எண்கள் கீழே இறங்கியும் தெரியும். ஏடிஆர் திருத்தம் என்ற வசதி உயரங்களை ஓரளவு சரிசெய்யும். சிறந்த வழி, ஏடிஆரை ஏடிஆரோடு ஒப்பிடுவது.

வில்லைக்கு வருவோம். அங்கே போதைப்பொருளுக்கே உரிய ஒரு பொறி உண்டு. கொக்கைன், மெத்தம்பெட்டமின், எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி) எல்லாம் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடு உப்பாகத்தான் வருகின்றன. அவற்றைப் பொட்டாசியம் புரோமைடோடு சேர்த்து அரைத்து அழுத்தும்போது குளோரைடும் புரோமைடும் இடம் மாறிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பிறகு நீங்கள் பார்ப்பது ஒரு பகுதி ஹைட்ரோபுரோமைடின் நிறமாலை. 2400–2800 பகுதியின் வடிவம் மாறியிருந்தால் இதை நினையுங்கள். பொட்டாசியம் குளோரைடில் வில்லை போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. மருந்து நூல்கள் ஹைட்ரோகுளோரைடுகளுக்குப் பொட்டாசியம் குளோரைடைப் பரிந்துரைப்பதும் இதனால்தான்.

அடிக்கோடு ஒரு பக்கமாகச் சரிந்து, பீக்குகளின் ஒரு தோள் செங்குத்தாகவும் மறு தோள் சாய்வாகவும் இருந்தால் துகள் பெரிதாக இருக்கிறது. இன்னும் அரையுங்கள். பழைய ஏட்டில் இருக்கும் ஒப்பீட்டு நிறமாலையில் 2920, 2850, 1460, 1377 ஆகிய இடங்களில் கனத்த பீக்குகள் இருந்தால் அது நியூஜால் எண்ணெய், மருந்து அல்ல.

இவை எதுவும் இல்லாமல் எல்லாப் பீக்குகளும் ஒரே திசையில் தள்ளியிருந்தால் பாலிஸ்டைரீன் படலத்தை எடுங்கள். 1601.2இலும் 1028.3இலும் ஒரு எண்ணுக்குள் அதன் பீக் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்றைக்கு எடுத்த எல்லா நிறமாலைகளும் கேள்விக்குரியவை.

பெயர் கொக்கைன் என்றே வருகிறது, ஆனால் பாதிப் பீக்குகள் இடம் மாறியிருக்கின்றன

உப்பா (அமிலத்தோடு சேர்ந்த வடிவம்) காரமா (அமிலம் சேராத வடிவம்) என்று பாருங்கள். இதற்குக் கொக்கைனைவிட நல்ல பாடம் இல்லை. ஹைட்ரோகுளோரைடு உப்பில் கார்பனைல் இரட்டை 1730, 1710 அருகில் நெருங்கி நிற்கும். காரத்தில் அவை 1735, 1705 என்று விலகும். உப்பில் 730 அருகில் இருக்கும் வளையப் பீக் காரத்தில் 710 அருகில் வரும். உப்பில் 2540ஐ ஒட்டி அகலமான மேடு இருக்கும், அது நைட்ரஜன் மேல் ஏறிய புரோட்டானின் அடையாளம். காரத்தில் அந்த மேடே இருக்காது. மெத்தம்பெட்டமின், எம்டிஎம்ஏ, கெட்டமின் உப்புகளிலும் 2800 முதல் 2400 வரை இந்த மேட்டையும் அதன்மேல் சின்னச் சின்ன முகடுகளையும் பார்க்கலாம். எனவே எந்த அமின் மருந்தைப் பார்த்தாலும் கண் முதலில் அங்கே போகட்டும்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கொக்கைன் என்பது அதன் உப்புகளையும் சேர்த்தே. ஆகவே உப்பா காரமா என்பதால் குற்றம் மாறாது. ஆனால் உப்பின் நிறமாலையைக் காரத்தின் தரப் பொருளோடு ஒட்டி வைத்து "பொருந்துகிறது" என்று எழுதினால் அந்த வாக்கியம் உண்மையல்ல.

இரட்டைப் பீக்குக்குப் பதில் ஒரே தடித்த பீக் தெரிகிறதா? பிரிதிறன் (எவ்வளவு நெருங்கிய பீக்குகளைப் பிரித்துக் காட்டும் என்ற அமைப்பு) என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். யாரோ வேகத்துக்காக 16க்கு மாற்றி வைத்திருந்தால் 20 எண் இடைவெளியில் நிற்கும் இரண்டு பீக்குகள் ஒன்றாகக் குழையும். 4 போதும்.

லைப்ரரி 95 மதிப்பெண் தருகிறது, மனசு ஒப்பவில்லை

மனசு சொல்வதைக் கேளுங்கள். அந்த மதிப்பெண் நிகழ்தகவு அல்ல. 95 என்றால் "95 சதவீதம் உறுதி" என்று பொருளே இல்லை. உங்கள் வளைவும் லைப்ரரியில் உள்ள ஒரு வளைவும் வடிவத்தில் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் கணக்கு, அவ்வளவுதான். பெரிய பீக்குகள் அந்தக் கணக்கைத் தூக்கி நிறுத்திவிடும், சின்னப் பீக்குகளின் குரல் அதில் கேட்காது. லைப்ரரியில் இல்லாத பொருளை அது ஒருபோதும் சொல்லாது. இருப்பதிலேயே நெருங்கியதைச் சொல்லும், தயங்காமல் சொல்லும்.

பிரவுன் சுகர் என்ற பெயரில் வரும் ஹெராயினை எடுத்துக்கொள்வோம். அதில் காஃபீனும் பாராசிட்டமாலும் கலந்திருப்பது வழக்கமான ஒன்று. இவை இரண்டும் ஐஆரில் உரத்த குரல் உடையவை. லைப்ரரி முதல் இடத்தில் காஃபீனையோ பாராசிட்டமாலையோ காட்டும், அதைப் பார்த்துவிட்டு "போதைப்பொருள் இல்லை" என்று முடிவுகட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. இங்கேதான் பீக்குகளை ஒவ்வொன்றாக உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். காஃபீனின் கார்பனைல்கள் 1700, 1650 அருகில். பாராசிட்டமாலுக்கு 3320இல் கூரான ஒன்று, பிறகு 1650, 1610, 1560, 1505 என்று ஒரு வரிசை. இரண்டுக்குமே 1720க்கு மேலே கார்பனைல் பீக் எதுவும் கிடையாது. ஹெராயினின் இரண்டு அசிட்டேட் கார்பனைல்கள் 1760, 1735 அருகில் வருகின்றன. ஆகவே எவ்வளவு காஃபீன் கலந்திருந்தாலும் அந்த ஜன்னல் திறந்தே இருக்கிறது. 1720 முதல் 1780 வரை திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு சின்ன மேடுகள் அங்கே தலை நீட்டினால் உங்கள் வேலை இனிமேல்தான் தொடங்குகிறது. கூடவே இதையும் நினைவில் வையுங்கள்: ஹெராயினோடு சேர்ந்தே வரும் அசிட்டைல்கோடீனிலும் அசிட்டேட் உண்டு. ஜன்னலில் தலை தெரிந்தது என்பதால் ஆள் யார் என்று உறுதியாகிவிடாது. உறுதிசெய்யப் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும், ஜிசி-எம்எஸ்ஸும் (வாயு நிறப்பகுப்போடு இணைந்த நிறை நிறமாலை) வேண்டும்.

இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு ஜன்னலைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கலவைகள் பயமுறுத்தாது. எம்டிஎம்ஏக்கு மெத்திலீன்டையாக்சி வளையம் தரும் 1250, 1040, 930 மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் சந்தேகம்தான். மெத்தம்பெட்டமினுக்கு 750, 700 அருகில் ஒரே ஒரு குழு மட்டும் ஒட்டிய பென்சீன் வளையத்தின் இரட்டைப் பீக், கூடவே 2400–2800 உப்பு மேடு. மெத்தம்பெட்டமினில் பல நாடுகளில் கலக்கப்படும் டைமெத்தில் சல்ஃபோன் 1300, 1140 பகுதிகளில் உரத்துப் பேசும். லாக்டோஸ், குளுக்கோஸ், மானிட்டால், மாவுச்சத்து எல்லாமே 3300 மேட்டோடும் 1100–1000 கூட்டத்தோடும் வரும். சர்க்கரைகளுக்குக் கார்பனைல் பகுதியில் பேச்சில்லை, அதனால் கொக்கைனை அவற்றால் மறைக்க முடியாது. கால்சியம் கார்பனேட் 1420 பக்கம் ஒரு பெரிய அகன்ற பீக்கும் 873இல் ஒரு கூரான பீக்கும் தரும்.

தேடலை முழு நிறமாலைக்கும் நடத்தாமல் இந்த ஜன்னல்களுக்குள் மட்டும் நடத்திப் பாருங்கள். பெயர் மாறினால், முதல் பெயரை எழுதக் கூடாது என்று பொருள்.

கழித்துப் பார்த்தேன், விநோதமான வளைவுகள் வருகின்றன

கலவையிலிருந்து காஃபீனின் நிறமாலையைக் கழித்தால் மிச்சம் மருந்து என்பது எண்ணமாக நல்லதுதான். ஆனால் கழித்த இடத்தில் ஒரு பக்கம் மேலேயும் மறு பக்கம் கீழேயும் போகும் வளைவு வந்தால், நீங்கள் கழித்ததன் பீக்கும் மாதிரியில் இருந்த பீக்கும் ஓரிரு எண்கள் தள்ளி இருந்திருக்கின்றன. அது புதுப் பொருள் அல்ல, கழித்தலின் தழும்பு. அதை லைப்ரரியில் தேடவிட்டால் அது ஏதாவது ஒரு பெயரைக் கொண்டுவந்து நிறுத்தும்.

கணினியில் கழிப்பதைவிடக் கரைப்பானில் பிரிப்பதை நான் அதிகம் நம்புகிறேன். சில மில்லிகிராம் போதும். சர்க்கரையும் மாவும் குளோரோஃபார்மில் கரையாது, கொக்கைன் ஹைட்ரோகுளோரைடு கரையும். வடிகட்டிய ஒரு சொட்டைப் படிகத்தின் மேல் விட்டு முழுதாக ஆவியாகவிட்டு எடுங்கள். அதே கரைப்பானை மட்டும் அதே போல ஆவியாக்கி ஒரு வெற்று நிறமாலையும் எடுத்துவிடுங்கள்.

தரப் பொருளேதான், ஆனால் நிறமாலை வேறு மாதிரி இருக்கிறது

திட நிலையில் ஐஆர் பார்ப்பது மூலக்கூறை மட்டுமல்ல, அது படிகத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும்தான். ஒரே மூலக்கூறு இரண்டு விதமாக அடுக்கப்பட்டால் நிறமாலையும் இரண்டாகும். பார்பிட்டுரேட்டுகள் இதற்குப் பேர்போனவை, ஃபீனோபார்பிட்டால் பல படிக வடிவங்களில் வரும். எம்டிஎம்ஏ ஹைட்ரோகுளோரைடு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு ஹைட்ரேட் ஆகிவிட்டால் 3300–3600 பகுதியில் புதுப் பீக்குகள் வரும், கைரேகைப் பகுதியும் (1500க்குக் கீழே உள்ள பகுதி) மாறும். பார்த்தவர் அது வேறு பொருள் என்றே நினைப்பார்.

சரிசெய்யும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். மாதிரியையும் தரப் பொருளையும் ஒரே கரைப்பானில், ஒரே முறையில் கரைத்து, ஆவியாக்கி, இரண்டையும் மறுபடி எடுங்கள். இரண்டும் இப்போது ஒன்றானால் முன்பு பார்த்த வித்தியாசம் படிக வித்தியாசம். ஒன்றாகவில்லை என்றால் அவை வேறு பொருள்கள்தான், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். மாதிரியை மட்டும் மறுபடிகமாக்கி, தரப் பொருளின் பழைய நிறமாலையோடு ஒப்பிடும் பாதி வேலை வேண்டாம்.

ஆடிப் பிம்ப மூலக்கூறுகளிலும் இதே கதை. இடக்கைக்கும் வலக்கைக்கும் நிறமாலை ஒன்றே, ஐஆரால் பிரிக்க முடியாது. ஆனால் இரண்டும் சம அளவில் கலந்த படிகம் வேறு விதமாக அடுக்கப்படலாம். எஸ்-கெட்டமினும் வழக்கமான கலவைக் கெட்டமினும் ஹைட்ரோகுளோரைடு திடத்தில் வெவ்வேறு நிறமாலை தருவது இதனால்தான்.

இரண்டு பெயர்கள், கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்

இங்கே ஐஆர் தன் உண்மையான பலத்தைக் காட்டும். ஜிசி-எம்எஸ் திணறும் இடம் இது. மெத்தம்பெட்டமினும், பசியைக் குறைக்கத் தரப்படும் ஃபென்டர்மினும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை. எலக்ட்ரான் மோதல் நிறை நிறமாலையில் இரண்டுக்கும் முதன்மைப் பீக் 58தான் (இது அலை எண் அல்ல, உடைந்த துண்டின் நிறை). எஃபெட்ரினுக்கும் சூடோஎஃபெட்ரினுக்கும் அதே 58. ஐஆரில் இவர்கள் எவரும் ஒருவர் போல் ஒருவர் இல்லை. ஃபென்டர்மின் முதல்நிலை அமின், அதன் உப்பு மேடு மெத்தம்பெட்டமினுடையதைவிட மேலேயே, 3000ஐத் தாண்டிய இடத்திலிருந்தே தொடங்கிப் பரவும். எஃபெட்ரின்களில் ஹைட்ராக்சில் இருப்பதால் 3300 பக்கம் பீக் உண்டு. மெத்தம்பெட்டமினில் அந்த இடம் காலி.

இந்தக் குழப்பம் தாளோடு நிற்பதில்லை. மெத்தம்பெட்டமின் மனமயக்கப் பொருள். எஃபெட்ரின் கட்டுப்படுத்தப்பட்ட மூலப்பொருள், அதற்குச் சட்டத்தில் 25ஏ என்ற தனிப் பிரிவு. நாம் தவறான பெயரை எழுதினால் ஒருவர் தவறான பிரிவில் விசாரணையைச் சந்திப்பார்.

வளையத்தில் ஒரு குழு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி வந்தால் 900 முதல் 680 வரை போங்கள். மெஃபெட்ரோனின் 2, 3, 4 இட மாற்றியங்களும் ஃபுளோரோஆம்ஃபெட்டமின்களும் அங்கேதான் பிரிகின்றன. வளையத்தில் மிச்சமிருக்கும் ஹைட்ரஜன்கள் எத்தனை, அவை எப்படி அடுத்தடுத்து இருக்கின்றன என்பதைப் பொறுத்துப் பீக் அமையும். பொதுவாக ஆர்த்தோ (2ஆம் இடம்) என்றால் 735–770இல் வலுவான ஒன்று. பாரா (4ஆம் இடம்) என்றால் 800–860இல் ஒன்று. மெட்டா (3ஆம் இடம்) என்றால் 690–710இலும் 750–810இலும் ஆக இரண்டு. இந்தப் பாடப்புத்தக எல்லைகள் வழிகாட்டிகள் மட்டுமே. மூன்று மாற்றியங்களின் தரப் பொருள்களும் கையில் இல்லாமல் எந்த மாற்றியம் என்று எழுதாதீர்கள். கத்தினோன்களா (மெஃபெட்ரோன் சேர்ந்த குடும்பம்) இல்லையா என்பதைக் கார்பனைலே சொல்லிவிடும். வளையத்தோடு இணைந்த கீட்டோன் என்பதால் 1690 அருகில் வரும், கெட்டமின் போல 1720க்குப் போகாது.

மாத்திரையை வைத்தால் மாவு, தாளை வைத்தால் தாள்

அல்பிரசோலம் 0.5 மி.கி. இருக்கும் மாத்திரையின் மொத்த எடை 100 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அரை சதவீதம். கலவையில் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் எதையும் ஐஆரில் நேரடியாகப் பார்ப்பது கடினம். நீங்கள் பார்ப்பது லாக்டோஸ், செல்லுலோஸ், பிறகு 2917, 2849இல் மக்னீசியம் ஸ்டியரேட். எல்எஸ்டி தடவிய தாளில் ஒரு சதுரத்தில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. நிறமாலை முழுக்கச் செல்லுலோஸாகத்தான் இருக்கும். ஃபென்டானில் கலந்த தூளும் இப்படித்தான். கனடாவின் வான்கூவரில் போதைப்பொருள் பரிசோதனை மையங்கள் ஐஆர் கருவியோடு ஃபென்டானில் சோதனைப் பட்டைகளையும் சேர்த்தே வைத்திருப்பதற்குக் காரணம் இந்த எல்லைதான்.

இந்த இடத்தில் "ஐஆரில் கண்டறியப்படவில்லை" என்பதை "இல்லை" என்று படித்துவிடக் கூடாது. பொடித்து, தகுந்த கரைப்பானில் பிரித்தெடுத்து, சாற்றை ஆவியாக்கிப் பாருங்கள். எல்எஸ்டி என்றால் ஐஆரோடு மல்லுக்கட்டாமல் நிறை நிறமாலைக்கே அனுப்பிவிடுங்கள்.

எல்லாப் பீக்கும் பொருந்துகிறது, அறிக்கை எழுதலாமா?

இன்னும் இல்லை. ஸ்விக்ட்ரக் என்று சுருக்கமாக அழைக்கப்படும், போதைப்பொருள் பகுப்பாய்வுக்கான அறிவியல் பணிக்குழுவின் பரிந்துரையில் ஐஆர், நிறை நிறமாலை, ராமன், என்எம்ஆர் போன்றவை முதல் வகை. முதல் வகையில் ஒன்றைப் பயன்படுத்தினாலும் கூடவே இன்னொரு நுட்பம் கட்டாயம். மாதிரி போதுமான அளவு இருந்தால் அந்த இரண்டாவது சோதனையை ஏற்கெனவே எடுத்த துளியில் செய்யாமல் புதிதாக ஒரு துளி எடுத்துச் செய்யச் சொல்கிறது. தவறான பாக்கெட்டிலிருந்து எடுத்தது, உறை மாறியது போன்ற பிழைகளை இது ஒன்றுதான் பிடிக்கும். மிக நல்ல நிறமாலை கூட, மாதிரி மாறிப்போனதைச் சொல்லாது.

நம் நாட்டில் இதன் எடை எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். எம்டிஎம்ஏக்கு வணிக அளவு 10 கிராம், மெத்தம்பெட்டமினுக்கு 50 கிராம், கொக்கைனுக்கு 100, ஹெராயினுக்கு 250. வணிக அளவு என்று ஆகிவிட்டால் குறைந்தபட்சம் 10 ஆண்டு கடுங்காவல், ஜாமீனும் எளிதல்ல. 2020இல் உச்ச நீதிமன்றம் ஹீரா சிங் வழக்கில், கலவையில் உள்ள மருந்தின் தூய எடையை மட்டும் அல்ல, கலப்படத்தோடு சேர்த்து மொத்த எடையையே கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. ஆக, 300 கிராம் காஃபீன் பாராசிட்டமால் தூளின் நடுவே 1760இல் தலை நீட்டும் அந்தச் சின்ன மேடு உண்மையா, ஆவியாகாத கரைப்பானா, கழித்தலின் தழும்பா என்பதில் ஒருவருடைய பத்து வருடம் இருக்கிறது.

அதனால் நான் செய்வது இது. நிறமாலையை அச்செடுத்து, பென்சிலால் ஒவ்வொரு பீக்குக்கும் மேலே சொந்தக்காரரின் பெயரை எழுதுகிறேன். மருந்து, காஃபீன், நீர், வைரம் என்று. பெயர் எழுத முடியாத பீக்கைச் சிவப்பில் வட்டமிடுகிறேன். வட்டம் இருக்கும் தாளைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து, லைப்ரரி சொன்ன பெயரைச் சொல்லாமல், "இது என்னவாக இருக்கும்?" என்று கேட்கிறேன். அவருக்கும் தெரியாவிட்டால் மாதிரி திரும்பவும் உரலுக்குப் போகிறது.